மழை ஊரிலிருந்து வேலூர் மாடிக்கு: செடி வைப்பதும் ஊர் சுற்றுவதும்

குளச்சல் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் யாரும் செடி வளர்த்ததில்லை. அது பாட்டுக்கு வளரும், நாங்கள் வெட்டிக்கொண்டிருப்போம். தென்மேற்கு ஒரு தடவை, வடகிழக்கு ஒரு தடவை என்று வருஷத்துக்கு இருமுறை நனைகிற கரையோரம் அது. மிளகுக்கொடியை மரத்தடியில் ஊன்றிவிட்டு மறந்துபோனால், அடுத்த வருஷம் அது கிளையில் ஏறி நிற்கும்.

அந்த நினைப்போடுதான் வேலூருக்குக் குடிவந்தேன். சத்துவாச்சாரியில் மாடி வீடு. அம்மா கொடுத்தனுப்பிய மிளகுக்கொடி இரண்டு, ஜாதிக்காய்க் கன்று ஒன்று. சித்திரை பிறந்து பத்து நாளில் மூன்றும் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. "தண்ணி ஊத்தலியா மக்களே?" என்று அம்மா போனில் கேட்டாள். ஊற்றினேன். நடு மத்தியானம், தொட்டி மண் கொதிக்கிற நேரத்தில் ஊற்றினேன். அதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு ஆயா சொன்னதுதான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: "இன்னாம்மா, உச்சி வெயில்ல தண்ணி ஊத்தறே? வேர வேக வெச்சி எடுக்கப் போறியா?"

வேலைக்கோ படிப்புக்கோ வைத்தியத்துக்கோ மழையூரிலிருந்து இங்கே வந்து, கைக்கு மண் கேட்கிறது என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாடித்தோட்டமும் ஊர் சுற்றலும் வேலூரில் ஒரே காலண்டரில் ஓடுகின்றன. எந்த மாதம் எதை நடலாம் என்று தெரிந்துவிட்டால், எந்த மாதம் எங்கே போகலாம் என்பதும் தெரிந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள்

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை எட்டு மணிக்கு நிழல் விழும் இடத்தில் ஒரு கோடு, பன்னிரண்டுக்கு ஒரு கோடு, நாலு மணிக்கு ஒரு கோடு. காலை வெயில் பதினொரு மணிவரை பட்டு, அப்புறம் நிழல் வருகிற மூலைதான் உங்கள் தோட்டம். மேற்குச் சுவர் ஓரத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சுவர் பகலெல்லாம் சூடு குடித்து, ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும்.

தை மாதத்தில் போட்ட கோட்டை நம்பிச் சித்திரையில் ஏமாறாதீர்கள். தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கைப்பிடிச் சுவருக்கு வடக்கே நல்ல நிழல் இருக்கும். சித்திரை நடுவில் வேலூருக்கு நேர் உச்சியில் நிற்கும். உங்கள் நிழலே காலடியில் சுருண்டு கிடக்கும்போது சுவர் நிழலுக்கு எங்கே போவது? ஆவணித் தொடக்கத்தில் இன்னொரு முறை அதே உச்சிக்கு வரும். ஆகவே மாசி முடிவதற்குள் 50 சதவீத நிழல்வலை கட்டிவிட வேண்டும். நான் முதல் வருஷம் வலையைக் கட்டில் கயிறு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினேன். ஆவணியில் சாயங்காலம் இடியோடு வந்த காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் மாட்டியது. கொஞ்சம் தொய்வாக, ஒரு பக்கம் சாய்வாகக் கட்டுங்கள். ஆவணியில் உச்சி வெயில் திரும்பினாலும், இந்தக் காற்றுக்குப் பயந்து ஆடி முடிந்ததும் கழற்றிச் சுருட்டி வையுங்கள்.

நிழலை அளப்பதில் ருசி வந்துவிட்டால் முதல் ஊர் சுற்றலை விரிஞ்சிபுரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள். "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று சொலவடையே உண்டு. மார்க்கபந்தீஸ்வரர் கோயில் உள்ளே ஒரு மணிகாட்டும் கல் இருக்கிறது. அரைவட்டத்தில் எண்கள் வெட்டியிருக்கும்; மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் கோடுதான் மணி. சாக்பீஸில் நாம் செய்ததைக் கல்லில் செய்திருக்கிறார்கள்.

அதே ஊரில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். கையில் ஒரு பாட்டில் உங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுபோய், இதை வைத்து எதை வளர்க்கலாம் என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை போனால் வழியில் பொய்கை மாட்டுச் சந்தையையும் பார்த்துவிடலாம். விடியற்காலையிலேயே கூடிவிடும். மாடு வாங்கப் போவதில்லைதான். ஆனால் நல்ல மக்கிய சாணி எருவுக்கு யாரிடம் போவது என்று அங்கே ஒரு டீக்கடையில் கேட்டால் தெரியும்.

தண்ணீர்தான் விஷயம்

மண்ணை மாற்றலாம், வெயிலை மறைக்கலாம். தண்ணீர் சரியில்லை என்றால் எல்லாம் வீண். பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பே வந்தது. எல்லா போர் தண்ணீரும் அப்படி என்று சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு மாறும். பாறைக்குள் ஆழமாகப் போன போர் என்றால் தோல் கழிவு கலக்காமலே உப்பாக இருக்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். 450-க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 2,000-ஐத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். நடுவில் இருந்தால் சமாளிக்கலாம்: வாரத்தில் ஒருநாள் குழாயில் வரும் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ அடியில் வழிகிற அளவுக்கு ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இலை ஓரம் கருகிய பிறகுதான் புரிந்தது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விட்டுச் சிக்கனம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். உப்பைப் பிரித்துத் தள்ளுகிற தண்ணீர் அது, மீட்டரை முக்கிப் பாருங்கள். ஏசி சொட்டும் தண்ணீர் பரவாயில்லை, ஏறக்குறைய மழைநீர் மாதிரிதான்.

ஊற்றும் நேரம் காலை ஏழுக்குள். கத்திரி வெயிலில், அதாவது மே 4 முதல் 28 வரை, மாலை ஆறுக்கு மேல் இன்னொரு முறை. மண்ணின்மேல் காய்ந்த சருகு, தேங்காய் நார், கரும்புச் சோகை எதையாவது இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இது ஒன்றே பாதித் தண்ணீரை மிச்சப்படுத்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

மண் கலப்பது

செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய எருவோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான். "கழுவிய" என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் அண்டா நிறைய உப்பி வரும்; முதல் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டுங்கள். அதிலும் உப்பு இருக்கிறது, நம் ஊர்த் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பது போதும்.

கத்திரி, தக்காளி, வெண்டைக்குப் பதினைந்து அங்குலப் பை. கீரைக்கு அகலமான, ஆழமில்லாத பை. ஈரத்தோடு ஒரு பெரிய பை முப்பது, நாற்பது கிலோ வரும். வாடகை வீடு என்றால் மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரை ஒட்டி வரிசையாக வையுங்கள். கீழே செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளமும் நனையாது, வீட்டுக்காரரும் கத்தமாட்டார்.

எந்த மாதம் எது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வேலூருக்கு அப்படியே பொருந்தும். ஆடி முதல் வாரத்தில் நாற்று விடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பகலில் புழுங்கி, சாயங்காலம் திடீரென்று இடி மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வருஷத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதத்துக்குள். நம் மழையூர் மனசுக்குப் பழக்கமான நாட்கள் இவைதாம். வெண்டை, கொத்தவரை, காராமணி, புடலை எல்லாம் இதில் வரும். புயல் எச்சரிக்கை வந்தால் பையின் அடித்துளைகள் அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் தொட்டிகளைக் கீழே இறக்குங்கள்.

மார்கழி, தை வேலூரின் பொற்காலம். காலையில் பனி இறங்கும். தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, செவ்வந்தி என்று எதை வைத்தாலும் பிழைக்கும். முட்டைக்கோஸ்கூட முயன்று பார்க்கலாம். நான் பார்த்தேன்; எலுமிச்சை அளவில் ஒன்று வந்தது.

பங்குனி முதல் வைகாசி வரை புதிதாக எதையும் நடாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். அரைக்கீரை, கறிவேப்பிலை, பிரண்டை, முல்லை தாக்குப்பிடிக்கும். முருங்கை இந்த வெயிலுக்குப் பிறந்ததுதான், ஆனால் மாடியில் வேண்டாம். கீழே ஒரு முழம் மண் கிடைத்தால் போத்து ஒன்று ஊன்றிவிடுங்கள்.

ஒரே ஒரு செடி வைக்க இடம் இருந்தால்

முள் கத்திரி வையுங்கள். இலவம்பாடி முள் கத்திரிக்காய் என்று நேதாஜி மார்க்கெட்டில் கூவி விற்பார்களே, அதுதான். அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடிக்காரர்கள் தலைமுறையாக விதை எடுத்துக் காத்துவந்த நாட்டு ரகம். 2023-இல் 'வேலூர் முள் கத்திரிக்காய்' என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கேட்கிற ஊர்ப்பக்கம் இது. ஆம்பூரில் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தால் இந்தக் காய்க்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று தெரியும்.

தண்டு, இலை நரம்பு, காம்பு, காயின் தொப்பி எல்லா இடத்திலும் முள். வெறும் கையால் பறிக்கப் போகாதீர்கள், கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். விதையைத் தட்டில் தூவி, 25 முதல் 30 நாளில் நாலைந்து இலை வந்ததும் சாயங்கால நேரத்தில் எடுத்து நடுங்கள். பைக்கு ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் இரண்டும் சவலைப் பிள்ளைகள். நட்டு இரண்டு மாதம் தாண்டியதும் முதல் காய்.

இடையில் ஒருநாள் காலையில் பார்ப்பீர்கள்: தண்ணீர் இருக்கும், கீழ் இலையெல்லாம் நிமிர்ந்து நிற்கும், ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கியிருக்கும். வெயிலில் வாடியது என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். தொங்கிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே மரத்தூள் மாதிரி எச்சமும், அதன் முடிவில் இளஞ்சிவப்பாக ஒரு புழுவும் இருக்கும். தண்டுத்துளைப்பான். அந்தத் தண்டை அப்படியே குப்பையில் போட்டால் புழு அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். நசுக்குங்கள், அல்லது சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஓட்டை விழுந்த காய்க்கும் இதே வைத்தியம். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, பத்து நாளுக்கொருமுறை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்துவந்தால் மாவுப்பூச்சி, அசுவினி கட்டுக்குள் இருக்கும். ஆனால் துளைப்பானுக்கு உங்கள் கண்ணும் கத்தரிக்கோலும்தான் மருந்து. இலையெல்லாம் சிறுத்துக் கொத்தாகக் குத்துச்செடி மாதிரி ஆகிவிட்டால் அது சிற்றிலை நோய். பரிதாபம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடிக்குப் பரவும்.

காய்ப்பு ஓய்ந்ததும் செடியைத் தூக்கி எறியவேண்டாம். ஒரு அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, மேல்மண்ணைக் கிளறி இரண்டு கை எரு போட்டால் மறுபடி துளிர்த்து இன்னொரு சுற்றுக் காய்க்கும். நல்ல செடியில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை கையில் இருக்கும்.

இனி ஊர் சுற்றல்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசிக் குறை 1981-லேயே தீர்ந்தது. அந்த வருஷம்தான் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பிக் குடியேறினார். பாலாறும் 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடிக் கேலி பேசியவர்களின் வாயை அடைத்தது.

கோட்டையை எந்த மாதமும் பார்க்கலாம், எந்த நேரமும் பார்க்க முடியாது. கருங்கல் சுட்டுவிடும். காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். அகழியை ஒட்டி ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே கல்யாண மண்டபத் தூண்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்தது இந்த மதிலுக்குள்தான். நினைவுத்தூண் வெளியே மக்கான் பக்கம் நிற்கிறது. திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு எல்லோரும் தங்கத்தைப் பார்க்கப் போகிறார்கள். நட்சத்திர வடிவ நடைபாதையின் இருபக்கமும் இருக்கும் பசுமையைப் பாருங்கள். இதே வெயிலில் எது தழைக்கிறது என்று அங்கே தெரியும்.

மழை பிடித்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் அமிர்திக்குப் போங்கள். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். சிறிய உயிரியல் பூங்கா, அதைத் தாண்டி ஓடை, அருவி. கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்க வேண்டும். நானும் ஒரு சித்திரையில் விருந்தாளிகளை அழைத்துப்போய் அசடு வழிந்தேன். அதேபோல் மழை கொட்டிக்கொண்டிருக்கும் அன்றும் ஓடையில் இறங்கக் கூடாது. மேலே மலையில் பெய்தது சொல்லாமல் கொள்ளாமல் கீழே வரும்.

தையும் மாசியும் காவலூருக்கு. ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் பயணம் வீண். மலைக்கிராமங்களில் சாமை, புளி, தேன், பருவத்தில் பலாப்பழம் வாங்கலாம். காட்டுக்குள் இறங்கிச் செடி, ஆர்க்கிட் என்று எதையும் பிடுங்கி வராதீர்கள். வனத்துறை பிடித்தால் வம்பு. பிடிக்காவிட்டாலும் அது உங்கள் மாடியில் சாகத்தான் போகிறது.

மழையூர்க்காரர்களுக்கு என் சிபாரிசு மார்கழி ஏலகிரி. இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது அந்தப் பக்கம் போனது. ரயிலில் என்றால் ஜோலார்பேட்டையில் இறங்கலாம். பொன்னேரியில் தொடங்கிப் பதினான்கு கொண்டைஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். பாரி வளைவும் உண்டு. மேலே ஏறக்குறைய 1,100 மீட்டர். வேலூரைவிட எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் உயரம் என்பதால் ஐந்தாறு டிகிரி குறையும். விடியற்காலையில் புங்கனூர் ஏரி மேல் பனிமூட்டம் கிடக்கும். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்; கடல் சத்தம் ஒன்றுதான் பாக்கி. ஸ்வெட்டர் வேண்டும். கோடை விழாச் சமயத்தில் கூட்டம் அம்மும், எனக்குச் சரிப்படாது. மலையில் ரோஜாக் கன்று விற்பார்கள், குண்டு குண்டாகப் பூத்திருக்கும். ஆசைப்பட்டு வாங்கினால் அந்த ஐந்தாறு டிகிரியையும் சேர்த்து வாங்கிவர வேண்டும். பாரியை நினைத்துக்கொண்டு முல்லை வாங்குங்கள். தேர் வேண்டாம், ஏற ஒரு மூங்கில் குச்சி கொடுத்தால் மாடியில் பூக்கும்.

சரி, இரண்டு நாள் போய்விட்டால் செடிக்கு யார் தண்ணீர் விடுவது? கிளம்பும் முந்தின மாலை பைகளையெல்லாம் கிழக்கு மூலை நிழலில் நெருக்கி வையுங்கள், ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும். மெருகு ஏற்றாத சின்ன மண்கலயத்தைப் பை மண்ணில் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால் மெல்லக் கசிந்து வேரை நனைக்கும். கலயம் இல்லையா, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைச் சற்று உயரத்தில் வைத்து, பருத்தித் துணித்திரி ஒன்றை வாளியிலிருந்து மண்ணுக்கு இழுத்துவிடுங்கள். மார்கழிக்கு இது தாராளம். பங்குனிக்கு மேல் என்றால் திரியும் கலயமும் போதாது, ஆள்தான் வேண்டும். எனக்கு ஆயா இருக்கிறார். சாவியைக் கொடுத்தால் காலை ஆறுக்கே ஏறி ஊற்றிவிடுவார். கூலி, ஜவ்வாது மலைத் தேன் ஒரு பாட்டில். போன தடவை மறந்துவிட்டேன்; "செடிங்கோ நல்லா கீதும்மா, தேன்தான் காணோம்" என்றார்.